வெல்லத்தின் ருசியை அளப்பது எப்படி?

பரமத்தி வேலூர் வட்டாரத்துக் கரும்பு விவசாயிகளுக்கு ஆலைக்கொட்டகையும் கொப்பரையும் புதிதல்ல. சோழசிராமணி, ஜேடர்பாளையம், கபிலர்மலை பக்கத்தில் காய்ச்சப்படும் உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பங்களாகக் கட்டப்பட்டு பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்கு வருகின்றன. ஏலத்தில் சிப்பத்தைப் பிரித்ததும் முதலில் பார்க்கப்படுவது நிறம்தான். வாயில் போட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகே. பளிச்சென்ற மஞ்சளுக்கு ஒரு விலை, பழுப்புக்கு அதைவிடக் குறைந்த விலை என்பதுதான் பொதுவான வழக்கம். காரணம் கேட்டால், "ஜனங்கள் மஞ்சளைத்தான் கேட்கிறார்கள்" என்பது பதில்.

அது உண்மையாகவும் இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். எது சரி என்று சோதித்து அறிய வழி இருக்கிறது. பிஸ்கட், காப்பித்தூள், குளிர்பானம் விற்கும் பெரிய கம்பெனிகள் புதுச் சரக்கைக் கடைக்கு அனுப்புமுன் நூறு பேருக்குக் கொடுத்து ருசிபார்க்கச் செய்து, அந்த மார்க்குகளைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்ட பிறகே முடிவு செய்கின்றன. அதே முறையை நம் விவசாயிகள் ஒரு சிறு அளவில் கடைப்பிடிக்க முடியும். பாதிக் கணக்கைப் பென்சிலாலேயே போட்டுவிடலாம்.

மஞ்சளின் விலை

வெல்லம் வெளுக்க வேண்டும் என்பதற்காகப் பாகில் சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற ரசாயனம் சேர்க்கப்படுகிறது. கொட்டகைகளில் இதற்கு 'ஹைட்ரோஸ்' என்று பெயர். இது அழுக்கை நீக்குவதில்லை. நிறத்தை மட்டும் வெளுக்க வைக்கிறது. அந்த வெளுப்பும் நிலைப்பதில்லை. வைத்திருக்க வைத்திருக்க மங்கிவிடும். கந்தகத்தின் மிச்சமோ வெல்லத்திலேயே தங்கும். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கரும்பு வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மீறினால் சரக்கும் போகும், வழக்கும் வரும்.

சுண்ணாம்புத் தெளிவு நீர், வெண்டைத் தண்டின் வழவழப்புச் சாறு ஆகியவற்றால் அழுக்கை எடுத்து, ஹைட்ரோஸ் இல்லாமல் காய்ச்சினால் இளம் பழுப்பு முதல் பொன்னிறம் வரை வெல்லம் கிடைக்கும். இப்படிக் காய்ச்சுகிறவர்தான் ஏலத்தில் விலை குறைந்து நஷ்டப்படுகிறார். ஆகவே அவர் அறிய வேண்டியது ஒன்று. பழுப்பு வெல்லத்தை உண்பவர்களே வேண்டாம் என்கிறார்களா, இல்லை ஏலத்தில் மட்டும்தான் அது தோற்கிறதா?

வயலில் பிறந்த கணக்கு

ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது, அதற்கு ஏது கணக்கு என்று பலர் கேட்பார்கள். இந்தக் கணக்கு பிறந்ததே வயலில்தான். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டட் என்ற இடத்தில் 1843 முதல் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகிறது. அங்கே 1919-ல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்டு பிஷர் என்ற கணித நிபுணருக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒரு பாத்தியில் மகசூல் கூடினால் அது உரத்தால் கூடியதா, அந்த மண்ணே நல்ல மண் என்பதால் கூடியதா? இரண்டையும் பிரித்துக் காட்டும் கணக்கை அவர் வகுத்தார். இன்றும் நம் ஆராய்ச்சி நிலையங்களில் ரகப் பரிசோதனைகளுக்குப் பயன்படுவது அந்த வழியில் வந்த கணக்கே.

அதே ரோதம்ஸ்டட்டில் மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி அம்மையார், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிட முடியும் என்றாராம். பிஷர் இதை வைத்து ஒரு சோதனையை வகுத்து, 1935-ல் வெளியான தம் புத்தகத்தில் விளக்கினார். 8 கோப்பைகள், 4-ல் பால் முதலில், 4-ல் தேநீர் முதலில். எந்த நான்கு என்று சொல்ல வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் சொன்னால் எல்லாம் சரியாக அமைவது 70-ல் ஒரு தடவைதான். அப்படிச் சரியாகச் சொல்லிவிட்டால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. ருசிக் கணக்கு முழுவதும் இந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. உணவுப் பொருள்களை ருசிபார்த்து மதிப்பிடும் முறைகளுக்கு 1971-லேயே இந்தியத் தர நிர்ணயம் வெளியாகிவிட்டது. 1950-ல் தொடங்கிய மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது.

ருசிபார்க்கும் ஏற்பாடு

எத்தனை பெரிய கம்ப்யூட்டர் இருந்தாலும், ருசிபார்க்கும் ஏற்பாடு சரியில்லை என்றால் கணக்கு வீண். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீட்டாரையும் கொட்டகை ஆட்களையும் கூப்பிடக் கூடாது. எது யார் வெல்லம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். காசு கொடுத்து வெல்லம் வாங்கும் வீட்டுப் பெண்கள், டீக்கடைக்காரர், பலகாரம் செய்பவர் என்று வெளியாட்களாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களை அழைக்க வேண்டாம். காலை 10 மணியிலிருந்து 11 மணிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. சாப்பிட்ட உடனேயும் கூடாது, பசியோடும் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே காப்பி, புகையிலை, வெற்றிலை எதுவும் போட்டிருக்கக் கூடாது. வெற்றிலைக்குப் பேர்போன நம் ஊரில் இது கொஞ்சம் சிரமம்தான்; முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரே நாளில் மூன்று, மிஞ்சினால் நான்கு வெல்லங்களுக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் இனிப்பில் நாக்கு மரத்துவிடும். ஒவ்வொன்றிலும் கொட்டைப்பாக்கு அளவு துண்டு போதும். துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக, ஒரே மாதிரித் தட்டில் இருக்க வேண்டும். ஒன்றைத் தின்ற பிறகு வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, கொஞ்சம் பொரி தின்று, சற்றுப் பொறுத்து அடுத்ததற்குப் போக வேண்டும்.

தட்டில் 'அ', 'ஆ' என்றோ 1, 2 என்றோ எழுதினால் முதலில் வருவதுதான் உயர்ந்தது என்று மனம் தானாக நினைத்துக்கொள்ளும். அதனால் 417, 285, 639 என்று அர்த்தமில்லாத மூன்று இலக்க எண்களைப் போடுகிறார்கள். எந்த எண் எந்த வெல்லம் என்பதை ஒருவர் மட்டும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தட்டைப் பரிமாறுகிறவருக்கும் அது தெரியாமல் இருப்பது உத்தமம். அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஆள் கொடுக்கும் வரிசையையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

நம் கேள்வி நிறத்தைப் பற்றியது ஆகையால் சோதனையை இரண்டு தடவை செய்ய வேண்டும். முதல் தடவை கண்ணைத் துணியால் கட்டி, ருசியும் மணமும் மட்டும். சில நாள் கழித்து அதே ஆட்களுக்கு அதே வெல்லம், கண் திறந்தபடி. இரண்டு முடிவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் கண்ணின் பங்கு. ஆய்வுக்கூடங்களில் கண்ணைக் கட்டுவதில்லை. சிவப்பு பல்பு போட்டு நிறத்தை மறைக்கிறார்கள்.

மூன்றில் வேறானது எது?

பிடிக்கிறதா என்று கேட்குமுன், இரண்டு வெல்லத்துக்கும் ருசியில் வித்தியாசமாவது தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது. இதற்கு 1940-களில் டென்மார்க் நாட்டு கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் கையாண்ட ஒரு முறை இருக்கிறது. மூன்று துண்டு கொடுக்க வேண்டும். இரண்டு ஒரே வெல்லம், ஒன்று வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். தெரியாது என்ற பதிலை ஏற்கக் கூடாது; தெரியாவிட்டால் ஊகித்தாவது சொல்ல வேண்டும்.

12 பேரை வைத்துச் செய்தால், குருட்டு ஊகத்திலேயே சுமார் 4 பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 8 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். 7 பேர் சொன்னால் போதாது. 24 பேர் என்றால் 13, 30 பேர் என்றால் 15. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தவறு நேரக் கூடாது என்ற அளவுகோலில் போட்ட கணக்கு இது. கண்ணைக் கட்டிக்கொண்டு தின்றவர்களுக்கு மஞ்சளுக்கும் பழுப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால், ஹைட்ரோசுக்குச் செலவழித்த காசு நாக்குக்குப் போகவில்லை, கண்ணுக்குத்தான் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மார்க்கா, வரிசையா?

பிடித்தம் எவ்வளவு என்று அளக்க உலகமெங்கும் பயன்படுவது 9 மார்க் முறை. 1940-களின் இறுதியில் அமெரிக்க ராணுவத்தின் உணவு ஆராய்ச்சி நிலையத்தில், சிப்பாய்களுக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கிறது என்று அறிய இதை உண்டாக்கினார்கள். மிகமிகப் பிடித்தது என்றால் 9, பிடித்ததும் இல்லை பிடிக்காததும் இல்லை என்றால் 5, கொஞ்சமும் பிடிக்கவில்லை என்றால் 1.

நம் ஊரில் இதற்கு ஒரு இடைஞ்சல் உண்டு. கொடுத்ததைத் தின்றுவிட்டுக் குறை சொல்வது மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள் நம் மக்கள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று எல்லாவற்றுக்கும் 8 போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வரிசைப்படுத்தச் சொல்வதே மேல் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. மிகவும் பிடித்ததற்கு 1, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 3. இரண்டுக்கு ஒரே இடம் கொடுக்கக் கூடாது.

இந்தக் கணக்கைப் பென்சிலால் போடலாம். 20 பேர் மூன்று வெல்லங்களை வரிசைப்படுத்தினார்கள், இட எண்களைக் கூட்டியபோது 417-க்கு 32, 285-க்கு 40, 639-க்கு 48 வந்தது என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை.) கூட்டுத்தொகை குறைந்ததே அதிகம் பிடித்தது. ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் அதனாலேயே பெருக்க வேண்டும்: 1024, 1600, 2304. மொத்தம் 4928. இதை ஆட்களின் எண்ணிக்கையான 20-ஆல் வகுத்தால் 246.4. இதிலிருந்து ஆட்களின் எண்ணிக்கையைப் போல் 12 மடங்கை, அதாவது 240-ஐக் கழித்தால் மிச்சம் 6.4. மிச்சம் 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் வெல்லங்களுக்குள் வித்தியாசம் உண்மை. 20 பேர் என்னும்போது இரண்டு கூட்டுத்தொகைகளுக்கு இடையே 13 வித்தியாசமாவது இருந்தால்தான் ஒன்று மற்றதை வென்றது எனலாம். ஆகவே 417, 639-ஐ வென்றது. 285-ஐ வென்றதாகச் சொல்ல முடியாது.

அதே 20 பேரிடம் 36, 40, 44 என்று வந்திருந்தால்? மிச்சம் 1.6-தான். 36 வாங்கியது முதலிடம் என்று விளம்பரம் போடத் தோன்றும். ஆனால் இன்னொரு 20 பேரைக் கூப்பிட்டால் வரிசை தலைகீழாகிவிடலாம். (மூன்று வெல்லங்களுக்கு மட்டுமே இந்தச் சுருக்கக் கணக்கு பொருந்தும். இதன் மூலக் கணக்கை 1937-ல் வகுத்த மில்டன் பிரீட்மன்தான் பின்னாளில் 1976-ல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றவர்.)

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

9 மார்க் முறையில் ஆட்கள் அதிகமானால் பென்சில் போதாது. சிலர் தாராளமாக மார்க் போடுவார்கள். எதைக் கொடுத்தாலும் 8. சிலர் கை சுருக்கம்; நல்லதற்கே 5. இவர்களை அப்படியே கூட்டி வகுத்தால் வெல்லத்தின் குணமும் மனிதரின் குணமும் கலந்துவிடும். கம்ப்யூட்டர் புரோகிராம் பிஷர் பாத்திக்குப் போட்ட கணக்கையே இங்கே போடுகிறது. ஒவ்வொரு ஆளும் ஒரு மண். ஒவ்வொரு வெல்லமும் ஒரு ரகம். ஆளால் வந்த வித்தியாசத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வெல்லத்தால் வந்தது எவ்வளவு, காரணம் தெரியாதது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிறது.

இதற்குக் காசு கொடுத்து வாங்கும் புரோகிராம்கள் உண்டு. சிறு விவசாயிக்கு அவை தேவையில்லை. இலவசமாகக் கிடைப்பவையே போதும். ஹிசாரிலுள்ள ஹரியானா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'ஆப்ஸ்டாட்', கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'கிரேப்ஸ்' ஆகிய இரண்டும் நம் நாட்டு விவசாய ஆராய்ச்சிக்கென்றே எழுதப்பட்டவை, இன்டர்நெட்டில் இயங்குபவை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1990-களில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் தொடங்கிய 'ஆர்' என்பதும் இலவசம். அதனோடு சேர்த்துக்கொள்ள 'சென்சோமைனார்' என்ற ருசிக் கணக்குப் பகுதியை பிரான்ஸ் நாட்டு ரென் நகர விவசாயக் கல்லூரி ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அட்டவணையைச் சரியாக எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு வரிக்கு ஒரு பதில்: ஆள் எண், வெல்லத்தின் எண், கொடுத்த வரிசை, மார்க். பெயர் எழுத வேண்டாம். வயதும், வீட்டில் எந்த வெல்லம் வாங்குகிறார்கள் என்பதும் எழுதினால் பின்னால் உதவும்.

சராசரியை நம்பினால்

இந்த விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 100 பேர் பழுப்பு வெல்லத்துக்கு மார்க் போட்டதில் சராசரி 6 என்று வந்தது. மஞ்சளுக்கும் சராசரி 6. இரண்டும் சமம் என்று தோன்றும். தாளைப் பிரித்துப் பார்த்தால் மஞ்சளுக்கு எல்லோரும் 6 போட்டிருக்கிறார்கள். பழுப்புக்கோ 50 பேர் 8-ம், 50 பேர் 4-ம் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் யாருக்கும் வெறுப்பில்லை, யாரும் தேடி வரவும் மாட்டார்கள். பழுப்பைப் பாதிப் பேர் தொடமாட்டார்கள், பாதிப் பேர் தேடி வருவார்கள். பழுப்புக்கு 6 போட்ட ஆள் நூறு பேரில் ஒருவர்கூட இல்லை!

பல ஊர் ஆட்களுக்கும் விற்கும் வியாபாரிக்கு யாரும் வெறுக்காத சரக்கு வசதி. மாதம் சில சிப்பம் மட்டும் காய்ச்சும் சிறு விவசாயிக்கு எல்லோரும் வேண்டியதில்லை. தேடி வரும் பாதிப் பேரில் ஒரு பங்கு கிடைத்தாலே சரக்கு தீர்ந்துவிடும். அவர்கள் யார் என்று கண்டுபிடிக்கத்தான் கம்ப்யூட்டர் மிகவும் உபயோகப்படுகிறது. மார்க் போட்ட விதத்தை வைத்து ஒரே மாதிரி நாக்கு உள்ளவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கிறது. வயதானவர்களா, பலகாரக்காரர்களா, டவுன்காரர்களா என்று அட்டவணையில் எழுதிய விவரத்தோடு பொருத்திப் பார்க்கலாம். 20 பேரை வைத்து இது ஆகாது. சாதாரணமாக 100 பேர் அளவுக்கு வேண்டும்.

இன்னொரு படி மேலே போனால், கம்ப்யூட்டர் ஒரு படமே வரைந்து தருகிறது. இதற்குப் பழகிய நாக்கு உள்ள சுமார் 10 பேர் ஒவ்வொரு வெல்லத்துக்கும் இனிப்பு, உப்புக் கரிப்பு, கந்தக வாடை, பாகு தீய்ந்த வாசனை, மண் கடிப்பு, கெட்டித்தன்மை என்று தனித்தனியே மார்க் போட வேண்டும். (உப்புத் தண்ணீர் பாய்ந்த கரும்பின் வெல்லம் கரிக்கும் என்பது கொப்பரை அடியில் நிற்பவர்களுக்குத் தெரிந்ததே.) வரைபடத்தில் ஊர்கள் இருப்பது போல இந்தப் படத்தில் வெல்லங்கள் இருக்கும். குணம் ஒத்தவை பக்கத்தில், மாறானவை தூரத்தில். வாங்குபவர்களின் பிடித்தம் எந்தத் திசையில் போகிறது என்பதையும் அதன் மேலேயே காட்டும். பிடிக்காதவர்கள் எல்லாம் தீய்ந்த வாசனைக்கு எதிர்த்திசையில் நின்றால், குற்றம் பழுப்பு நிறத்தில் இல்லை. பாகை இறக்கிய பதத்தில் இருக்கிறது. ஹைட்ரோஸ் போடாமல், தீயைக் குறைத்தே அதைச் சரிசெய்யலாம்.

சோதனை சொல்லாதவை

பிடித்தது என்று மார்க் போட்டவர் கூடுதலாக எத்தனை ரூபாய் கொடுப்பார் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. அதை வாரச் சந்தையில் இரண்டு விலை எழுதி விற்றுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். வேலூரில் 100 பேர் சொன்னது வெளிமாநிலத்தில் வாங்குபவருக்குப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. கந்தக மிச்சம் எத்தனை பங்கு என்பதை நாக்கால் அளக்கவே முடியாது; அதற்கு ஆய்வுக்கூடம்தான்.

தனி ஒருவர் செய்வதைவிட, நாலைந்து கொட்டகைக்காரர்கள் சேர்ந்து செய்வது சுலபம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி யோசனை கேட்கலாம். ரஸ்தாளிக்கும் கற்பூரவள்ளிக்கும், ஏன், வெற்றிலைக்குமேகூட இதே முறை பொருந்தும்.

வெல்லம் காய்ச்சும்போது ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் ஒரு உருண்டையை எடுத்து, தேதி, கரும்பு ரகம், என்ன சேர்த்தது என்று சீட்டு எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவர வேண்டும். காய்ச்சிய வாரத்தில் ஒரு தடவையும், இரண்டு மாதம் கழித்து மழைக்காலத்துக்குப் பின் ஒரு தடவையும், மேலே சொன்னபடி அதே ஆட்களைக் கூப்பிட்டு வரிசைப்படுத்தச் சொல்லலாம். மஞ்சள் மங்கத் தொடங்கியிருக்கும் அந்த இரண்டாவது தாளை முதல் தாளோடு பின் குத்தி, அடுத்த ஏலத்துக்குப் போகும்போது சிப்பத்தோடு எடுத்துச் செல்லலாம்.